நாலு நாளைக்கொரு தடவை மருந்தடித்தும் கோவாப் புழு ஏன் சாகவில்லை?

நுவரெலியாவை அடுத்த கந்தப்பளைப் பக்கம் நாற்பது பேர்ச்சில், அதாவது கால் ஏக்கரில், கோவா (முட்டைக்கோசு) போட்டிருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. நாலு நாளைக்கு ஒரு தடவை மருந்தடிக்கிறாராம். ஒரு மருந்து கேட்கவில்லை என்று இரண்டைக் கலந்து, பிறகு மூன்றைக் கலந்தும் அடித்துவிட்டார். புழு அப்படியே இருக்கிறது. "இதைவிடக் கடுமையான மருந்து எது?" என்கிறார். கூடவே, எங்கோ ஒரு கூட்டத்தில் ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவம் என்று சொன்னார்களாம். அது மருந்தே அடிக்காமல் சும்மா இருப்பதா, ஒரு தடவை விட்டாலும் கோவா முழுக்கப் போய்விடும் என்று மாமா சொல்வது உண்மையா என்றும் கேட்டிருக்கிறார்.

தம்பி, நீங்கள் மருந்தின் பெயரைக் கேட்டிருந்தாலும் உங்கள் மனதில் இருப்பது வேறு இரண்டு கேள்வி என்று எனக்குப் படுகிறது. போன போகம் கேட்ட மருந்து இந்தப் போகம் ஏன் கேட்கவில்லை? அடிப்பதைக் குறைத்தால் போட்ட காசு தப்புமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் மருந்தின் பெயர் தானாக வரும். பெயரை மட்டும் நான் சொன்னால் அடுத்த வருடம் இதே கேள்வியோடு திரும்பி வருவீர்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலில் தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். பிறகு இருபது வருடத்துக்கு மேல் மரக்கறி செய்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலை. பெரிய ஆராய்ச்சியாளன் இல்லை. உங்கள் பாத்தியில் நின்று இலையைப் புரட்டிப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளம், அதாவது இலையின் அடியைச் சுரண்டித் தின்று மேல்தோலைக் கண்ணாடி மாதிரி விட்டுவைப்பது, தொட்டால் பின்பக்கமாக நெளிந்து நூலில் தொங்குவது, இவை இரண்டும் வைரமுதுகு அந்து என்ற அந்துப்பூச்சியின் புழுவைத்தான் காட்டுகின்றன. இறக்கையை மடித்துக்கொண்டு உட்காரும்போது அந்தின் முதுகில் வெளிர்நிறத்தில் மூன்று வைரக்கல் கோர்த்த மாதிரித் தெரியும். ஆனால் நடுக்குருத்தில் நூல் பின்னி, கூட்டமாக உட்கார்ந்து தின்னும் இன்னொரு புழுவும் கோவாவில் உண்டு. இரவில் வந்து நாற்றின் தண்டையே வெட்டிப் போடும் புழுவும் உண்டு. அவற்றுக்குக் கணக்கு வேறு. கீழே எழுதுவது எல்லாம் வைரமுதுகு அந்துக்கு.

இந்தப் பூச்சியின் வரலாறே மருந்துக்குப் பழகிய வரலாறுதான். டி.டி.ரி. என்ற மருந்துக்கு முதலில் பழகிப்போன பயிர்ப் பூச்சி இதுவே. அது 1953இல் ஜாவாவில் பதிவானது. பிறகு வந்த ஒவ்வொரு வகை மருந்துக்கும், ஒரு நாட்டில் இல்லாவிட்டால் இன்னொரு நாட்டில், இது பழகியிருக்கிறது. உயிருள்ள பக்டீரியாவில் செய்த பி.டி. மருந்துக்கே பழகியதை 1990இல் ஹவாயில் கண்டார்கள். பழகுவது என்றால் ஒரு புழு மருந்து குடித்துக் குடித்துத் தெம்பாவது இல்லை. ஆயிரம் புழுவில் இரண்டு மூன்று பிறவியிலேயே அந்த மருந்தைத் தாங்கும். மற்றவை சாகும். மிஞ்சிய இரண்டு மூன்றும் தங்களுக்குள் சேர்ந்து முட்டையிடும். ஒரு பெண் அந்து நூறுக்கு மேல் முட்டையிடும். அடுத்த தலைமுறையில் தாங்குகிறவை கூடும், அதற்கடுத்ததில் இன்னும் கூடும். நீங்கள் எத்தனை தடவை அதே வகை மருந்தை அடிக்கிறீர்களோ, அத்தனை தடவை அந்த இரண்டு மூன்றுக்கும் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறீர்கள்.

இதில் உங்கள் ஊருக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. முட்டையிலிருந்து அந்தாக வளர இந்தப் பூச்சிக்கு 25 பாகை வெப்பத்தில் இரண்டு கிழமைக்குச் சற்று மேல் போதும். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில், 15, 16 பாகையில், அதற்கு நாலைந்து கிழமை வேண்டும். கீழ்நாட்டுக்காரனுக்கு ஒரு போகத்தில் நாலைந்து தலைமுறையோடு மல்லுக்கட்டு. உங்களுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. அப்படி இருக்க நாலு நாளைக்கு ஒரு தடவை அடித்தால், ஒரே தலைமுறைப் புழுவை ஏழெட்டுத் தடவை குளிப்பாட்டுகிறீர்கள். முதல் இரண்டு தடவையில் சாக வேண்டியது செத்திருக்கும். மிச்சத் தடவையெல்லாம் சாகாததைப் பொறுக்கி எடுக்கும் வேலை.

நீங்கள் கலந்த மூன்றையும் பார்ப்போம். எழுதியிருக்கும் பெயர்களின்படி ஒன்று பைரித்ரொயிட் வகை. இன்னொன்று ஓகனோபொஸ்பேற்று வகை. இரண்டும் மலையகத்து மரக்கறியில் பல வருடமாக அடிபட்ட பழைய பூச்சி மருந்து வகைகள். மூன்றாவது மான்கோசெப். அது பங்கசு நாசினி, புழுவை ஒன்றும் செய்யாது. மூன்றையும் ஒரே டாங்கியில் ஊற்றச் சொன்னது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு கடையில், "கோவாவுக்கு" என்று சொன்ன உடனேயே மூன்று போத்தலைத் தூக்கி வைப்பார்கள். என்ன பூச்சி என்ற கேள்வியே வராது. விற்கிறவரையே வைத்தியராக வைத்துக்கொண்டால் இப்படித்தான் நடக்கும். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. கடன் கொடுப்பதும் அவர்தான், ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருப்பதும் அவர்தான்.

சரி, மருந்து கேட்கவில்லை என்றால் புழு பழகிவிட்டது என்றுதான் அர்த்தமா? இல்லை, இந்த இடத்தில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். கோவா இலை மெழுகு இலை. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். புழு இருப்பது இலைக்கு அடியில், நீங்கள் நின்றுகொண்டு மேலிருந்து அடிக்கிறீர்கள். மருந்து புழுவைத் தொடாமலே மண்ணுக்குப் போயிருக்கலாம். தேய்ந்த நொசில் பொட்டுப் பொட்டாக ஊற்றியிருக்கலாம். மருந்தே பழையதாகவோ கலப்படமாகவோ இருக்கலாம். முற்றிய பெரிய புழுவுக்கு அடித்திருக்கலாம். சின்னப் புழு சாகும் அளவு பெரியதுக்குப் போதாது. எது காரணம் என்று இங்கிருந்து சொல்ல என்னால் முடியாது. நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன்.

இரண்டு ஜாம் போத்தல் எடுங்கள். மருந்து படாத கோவா இலையில், கைக்கடக்கமான துண்டு இரண்டு வெட்டிக்கொள்ளுங்கள். போத்தல் சீட்டில் சொன்ன அளவுக்குச் சரியாக மருந்தைக் கரையுங்கள், மூடியால் குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு ஒரு துண்டை மருந்துக் கரைசலில் பத்து விநாடி முக்குங்கள். மற்றதை வெறும் தண்ணீரில் முக்குங்கள். இரண்டையும் கம்பியில் தொங்கவிட்டு நிழலில் காய விடுங்கள். பிறகு போத்தலுக்கு ஒரு துண்டும் பத்துப் புழுவும் போட்டு, வாயைத் துணியால் கட்டிவிடுங்கள். அரிசி மணி நீளப் புழுவாகப் பாருங்கள், பெரியது வேண்டாம். வெயில் படாத இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இரண்டு நாள் கழித்துத் திறந்து ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். தண்ணீர்ப் போத்தலில் புழு உயிரோடிருந்து, மருந்துப் போத்தலில் எல்லாம் செத்திருந்தால் மருந்தில் பிழையில்லை, உங்கள் பம்பிலும் கையிலும்தான் பிழை. மருந்து பூசிய இலையையும் தின்று எச்சம் போட்டு வைத்திருந்தால், ஒன்று புழு பழகிவிட்டது, அல்லது போத்தலில் இருப்பது அந்த மருந்தே இல்லை. தண்ணீர்ப் போத்தலிலும் நாலைந்து செத்திருந்தால் சோதனையே பிழைத்துப்போச்சு, திரும்பச் செய்யுங்கள். பி.டி. மாதிரி மெதுவாகக் கொல்லும் மருந்துக்கு மூன்று நாலு நாள் கொடுக்க வேண்டும். அந்தப் போத்தல்கள் திரும்பக் குசினிக்குப் போகக் கூடாது, உடைத்துப் புதைத்துவிடுங்கள். ஆராய்ச்சி நிலையங்களில் செய்வதும் ஏறக்குறைய இதே சோதனைதான், இன்னும் நுணுக்கமாகச் செய்வார்கள்.

பம்ப் சரியா என்று பார்க்க இன்னும் சுலபமான வேலை. பழைய பேப்பரைக் கீற்றாகக் கிழித்து, நாலைந்து செடியில் இலைக்கு அடிப்பக்கம் கிளிப் போட்டுப் பிடித்துவிடுங்கள். டாங்கியில் வெறும் தண்ணீரை நிரப்பி, வழக்கம்போல அடித்துக்கொண்டு போங்கள். திரும்பி வந்து பேப்பரைப் பாருங்கள். நான் செய்யச் சொன்ன இடங்களில் பாதிக்கு மேல் பேப்பர் காய்ந்தே இருந்தது. நொசிலைக் கீழிருந்து மேலாகத் திருப்பிப் பிடித்து, ஒட்டும் திரவம் கொஞ்சம் சேர்த்ததும் நிலைமை மாறிவிட்டது. அதே மருந்து, அதே அளவு.

அடுத்தது, கடுமையான மருந்து என்ற நினைப்பு. போத்தலின் கீழ்ப்பக்கம் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஒரு நிறப்பட்டி இருக்கும். சிவப்பென்றால் பூச்சியை நன்றாகக் கொல்லும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அந்த நிறம் மனிதனுக்கு எவ்வளவு நஞ்சு என்பதைச் சொல்கிறது, புழுவுக்கு எவ்வளவு என்பதை இல்லை. "முன்னே வந்த மருந்து இப்போது வருவதில்லை, அதனால்தான் புழு சாகவில்லை" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம் நாட்டில் மெத்தமிடொபொஸ், மொனோகுரோட்டோபொஸ் போன்ற மிகக் கொடிய மருந்துகளை 1995இலும் எண்டோசல்பானை 1998இலும் நிறுத்தினார்கள். அதன் பிறகு நஞ்சருந்தி இறப்பவர் தொகை வெகுவாகக் குறைந்தது. விளைச்சல் குறைந்ததா என்றும் ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள், குறைந்ததாகத் தெரியவில்லை. இது உறுதியான செய்தி, மாமாவிடம் தைரியமாகச் சொல்லலாம்.

இனி, எல்லாரும் விட்டுவிடும் பகுதி. உங்கள் கோவாவில் புழுவுக்கு எதிரி யார் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இலையைப் புரட்டும்போது வலைத் துணி மாதிரி மெல்லிய கூட்டுக்குள் பச்சையாக ஒன்று படுத்திருக்கும், அது அந்தின் கூட்டுப்புழு. பக்கத்திலேயே சில சமயம் சின்னதாக, வெள்ளையாக, பஞ்சை உருட்டி வைத்த மாதிரி ஒரு கூடு இருக்கும். அதைப் புழு முட்டை என்று நினைத்து நசுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது குளவியின் கூடு. எறும்பைவிடச் சின்னக் குளவி. புழுவின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே புழுவைத் தின்று வெளியே வந்து கூடு கட்டும். பைரித்ரொயிட்டும் ஓகனோபொஸ்பேற்றும் அடிக்கிற நிலத்தில் புழு தாங்கிக்கொள்ளும், இந்தக் குளவி தாங்காது. அப்புறம் காவல்காரன் இல்லாத வீடுதான்.

இது ஏட்டுக் கதை இல்லை, நம் தேயிலை மலையில் நடந்தது. தேயிலையில் இலையை இரண்டாக மடித்து ஒட்டிக்கொண்டு தின்னும் ஒரு புழு உண்டு, தோட்டத்தில் டோர்ட்ரிக்ஸ் என்போம். ஒரு காலத்தில் கொழுந்தையே கொண்டுபோன பூச்சி. 1935, 36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். குளவி மலையில் நிலைத்தது, புழு அடங்கியது. வருடா வருடம் செலவும் இல்லை. பிறகு ஐம்பதுகளில், கிளைக்குள் துளை போட்டுக் குடியிருக்கும் சொட்ஹோல் போரர் வண்டுக்காக டீல்ட்ரின் மருந்தை அடித்தார்கள். அந்த வண்டு நடுத்தர உயரத்துத் தோட்டங்களில் பெரிய தொல்லை. கொழுந்தெடுக்கும் பெண்கள் மரத்தை ஒதுக்கிக்கொண்டு போகும்போதே கிளை 'பட்' என்று ஒடிந்துவிடும். டீல்ட்ரின் வண்டை அடக்கியது. ஆனால் குளவியையும் கொன்றுபோட்டது. அடங்கிக் கிடந்த டோர்ட்ரிக்ஸ் மலை மலையாகக் கிளம்பியது. ஒரு பூச்சிக்கு அடித்த மருந்து இன்னொரு பூச்சியை வரவழைத்தது என்பதற்கு உலகத்துப் பாடப்புத்தகங்களில் எடுத்துக்காட்டாக இருக்கும் கதை இது. நடந்தது நம் மலையில்; நம் ஆட்களில் தெரிந்தவர்கள் குறைவு.

இந்தக் கதை தெரிந்தும் நானே தவறினேன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், உருளைக்கிழங்கிலும் போஞ்சியிலும் இலைக்குள் வெள்ளைக் கோடு போடும் சுரங்க ஈ புதிதாக வந்து வெலிமடை, நுவரெலியாப் பக்கமெல்லாம் ஆட்டிவைத்தது. மேலிருந்து வந்த அறிவுறுத்தல் ஒன்றும் தெளிவாக இல்லை. நானும் பயந்துபோய் ஐந்து நாளைக்கு ஒரு தடவை பைரித்ரொயிட் அடிக்கச் சொன்னேன். ஈ குறையவில்லை, இலை தீய்ந்துகொண்டே போனது. மருந்து வாங்கக் காசில்லாமல் ஒரு பாட்டி சும்மா விட்டிருந்த போஞ்சி, மற்றவர்களுடையதைவிடப் பச்சையாக நின்றது. "ஐயா, நீங்க சொன்னபடி அடிச்சவங்களுக்குத்தானே கூடப் போயிருக்கு" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஈயின் புழுவைத் தின்னும் குளவிகளை நான்தான் கொல்லச் சொல்லியிருந்தேன்.

இப்போது நீங்கள் கூட்டத்தில் கேட்டுவந்த விஷயம். ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவம் என்பது மருந்தே அடிக்காமல் இருப்பது இல்லை. சேதன விவசாயமும் அது இல்லை. 2021 மே மாதம் அரசாங்கத்தில் இரசாயன உரமும் மருந்தும் நாட்டுக்குள் வருவதை ஒரே இரவில் நிறுத்தி, நவம்பரில் திரும்ப விட்டார்களே, அதோடு இதைச் சேர்த்துக் குழப்பாதீர்கள். அந்தக் காயத்தால் நம் ஆட்களுக்கு "மருந்தைக் குறை" என்ற சொல்லைக் கேட்டாலே கோபம் வருகிறது, அது நியாயமான கோபம்தான். இந்த முறையில் மருந்து உண்டு. அதை எடுப்பதற்கு முன் மூன்று விஷயம் கேட்க வேண்டும்: என்ன பூச்சி, எத்தனை, அதன் எதிரி எத்தனை. சேதம் மருந்துச் செலவைவிடக் கூடும் என்று தெரிந்தால் அடிப்பது, இல்லாவிட்டால் பொறுத்திருப்பது. பூச்சி ஒன்றிரண்டு இருப்பதே குற்றம் என்று நினைக்காத மனது இதற்கு வேண்டும். மாமாக்களுக்கு இதுதான் கஷ்டம்.

எண்ணுவது எப்படி? கிழமைக்கு ஒரு தடவை, காலையில், பாத்திக்குள் வளைந்து வளைந்து நடந்து இருபது செடியைப் பாருங்கள். ஓரத்துச் செடியை மட்டும் பார்த்துவிட்டு வரக் கூடாது. நல்ல செடி, கெட்ட செடி என்று பொறுக்கவும் கூடாது. பத்து எட்டு வைத்து, கால் பக்கத்தில் எது நிற்கிறதோ அது. குருத்தையும் நடு இலைகளின் அடிப்பக்கத்தையும் புரட்டிப் பார்த்து, புழு இருக்கிற செடி எத்தனை, வெள்ளைக் கூடு எத்தனை என்று பிள்ளையின் பழைய கொப்பியில் எழுதுங்கள். என் கைக்கணக்கு இது: கோவா உருளத் தொடங்கும் முன், இருபதில் நாலு செடிவரை புழு இருந்தால் பொறுப்பேன். எட்டைத் தாண்டினால் அடிக்கச் சொல்வேன். நடுவில் இருந்தால் மூன்று நாளில் திரும்ப எண்ணச் சொல்வேன். உருளத் தொடங்கிய பிறகு பொறுமை குறைவு, மூன்று நாலு செடியிலேயே யோசிப்பேன், ஏனென்றால் லொறிக்காரர் ஓட்டை விழுந்த கோவாவை எடுக்கமாட்டார். இந்த எண்கள் நாட்டுக்கு நாடு, புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். வெளி இலையில் ஓட்டை விழுந்தால் கோவாவின் பாரம் அவ்வளவு குறையாது என்பது மட்டும் எல்லாரும் ஒப்புக்கொண்டது. அந்த இலையை எப்படியும் உடைத்துத்தானே போடுகிறோம்.

அடிக்க வேண்டி வந்தால் முதலில் பி.டி.யை எடுங்கள். அது புழு தின்றால்தான் வேலை செய்யும், குளவியை ஒன்றும் செய்யாது. வெயிலில் கெட்டுப்போகும், ஆகவே பின்னேரம் நாலு மணிக்கு மேல், புழு சின்னதாக இருக்கும்போது அடிக்க வேண்டும். அடித்த மறுநாள் புழு உயிரோடு நெளியும், அதைப் பார்த்துவிட்டுப் "பொய் மருந்து" என்று திட்டாதீர்கள். அது தின்பதை நிறுத்தியிருக்கும், சாக இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவும் போதாவிட்டால் ஸ்பினோசாட், எமாமெக்டின், குளோரன்ட்ரனிலிபுரோல் என்று புதிய வகைகள் உண்டு. மூன்றும் மூன்று விதமாக வேலை செய்பவை. முதல் நாலைந்து கிழமைக்கு ஒரு வகை, அதாவது ஒரு தலைமுறைக்கு ஒரு வகை. அடுத்த தலைமுறைக்கு வேறு வகை. வகையை மாற்றுவது என்றால் போத்தலை மாற்றுவது இல்லை. வேறு வேறு பெயரில் வரும் இரண்டு போத்தலில் உள்ளே ஒரே சரக்கு இருக்கலாம். சீட்டில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் உட்பொருளின் பெயரைத்தான் பார்க்க வேண்டும். வாங்கும் முன் அது இப்போது கோவாவுக்குப் பதிவான மருந்தா என்றும் கேளுங்கள், பதிவுகள் அவ்வப்போது மாறும். புதிய வகையைக் கண்டதும் அதையே போகம் முழுக்க அடித்தால் அதற்கும் இதே கதிதான்.

மருந்தில்லாத வேலைகளில் எனக்கு முழு நம்பிக்கை உள்ளது ஒன்று: வெட்டிய கோவாவின் அடித்தண்டை நிலத்தில் விட்டுவைக்காமல் அன்றைக்கே பிடுங்கிப் புதைப்பது. அந்தத் தண்டு திரும்பத் துளிர்க்கும், அதில் அந்து குடும்பமே நடத்தும், பக்கத்துப் பாத்தியில் வைத்த புது நாற்றுக்கு அங்கிருந்துதான் வரும். பக்கத்து நிலத்துக்காரரும் பிடுங்க வேண்டும் என்பதுதான் இதில் சிக்கல். நீங்கள் பிடுங்கி அவர் பிடுங்காவிட்டால் பாதிப் பலன். நாற்று மேடைக்கு வலை போடுவதும் நிச்சயம் உதவும். தண்ணீர் தெளிப்பான் இருந்தால் மாலையில் ஓட விடுங்கள். அந்துகள் சேர்வது அந்த நேரத்தில்தான், தண்ணீர் விழுந்தால் அது குழம்பும், சின்னப் புழுவும் கழுவப்பட்டு விழும். நல்ல மழைக் காலத்தில் புழு தானாகக் குறைந்து, காய்ந்த மாதங்களில் கிளம்புவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் இலை இரவு முழுக்க ஈரமாக இருந்தால் அழுகல் வரும், அதனால் தினமும் வேண்டாம்.

அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாத வேலைகளும் உண்டு. கோவாவுக்கு நடுவே கடுகு வரிசை போட்டு அந்தை அங்கே இழுப்பது இந்தியாவில் பரிந்துரைத்த முறை, இருபத்தைந்து வரிசைக் கோவாவுக்கு இரண்டு வரிசைக் கடுகு. சில இடத்தில் நன்றாக வேலை செய்தது, சில இடத்தில் கடுகிலேயே பெருகிக் கோவாவுக்கு வந்தது. நாற்பது பேர்ச்சில் கடுகுக்கு இடம் ஒதுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் அரைக்கும் வேப்பங்கொட்டைக் கரைசலும் அப்படித்தான். வேம்பு வேலை செய்யும் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் கொட்டை எவ்வளவு பழசு, எப்படிக் காய்ந்தது என்பதைப் பொறுத்து வீரியம் ஏறி இறங்கும். நம் குளிரில் வேப்ப மரமும் இல்லை, கீழிருந்துதான் கொட்டை வர வேண்டும். பூண்டு, மிளகாய், சவர்க்காரத் தூள் என்று வட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சவர்க்காரத் தூள் மட்டும் இலையைக் கருக்கும், பார்த்திருக்கிறேன்.

ஆலோசனைக்கு யாரிடம் போவது? கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியர் இருப்பார். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கும் பேசலாம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், இருந்துகொண்டு தோட்டத்து நிலத்தில் பயிர் செய்கிறவர்களைத் தங்கள் கணக்கில் சேர்ப்பதா இல்லையா என்று ஓர் அலுவலகம் எங்களைப் பல மாதம் அலைக்கழித்ததும் உண்டு, தமிழில் பேச ஆளில்லாமல் திரும்பியதும் உண்டு. அதற்காகப் போகாமல் இருக்காதீர்கள். வெறுங்கையோடு போய் "புழு" என்று சொல்லாமல், புழுவோடு இரண்டு இலை, நீங்கள் அடித்த மருந்தின் போத்தல் சீட்டைப் பிடித்த படம், எண்ணி எழுதிய கொப்பி, இந்த மூன்றையும் கொண்டுபோங்கள். அப்போது அவரும் வேறு விதமாகப் பேசுவார்.

ஒன்று விட்டுப்போச்சு. மருந்தடித்த மறுநாளே அம்மா கோவா வெட்டப் போகிறார் என்று நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், முகமும் கையும் எரிகிறது என்றும். பைரித்ரொயிட் தோலில் பட்டால் அப்படி எரியும், குறுகுறுக்கும், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். தலைச்சுற்று, வாந்தி, அதிக வியர்வை, கண் மங்கல், மூச்சு இரைப்பு இருந்தால் அது ஓகனோபொஸ்பேற்று, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், போத்தலையும் கையில் கொண்டுபோக வேண்டும். அடித்த பின் எத்தனை நாள் கழித்து வெட்டலாம் என்பது சீட்டில் இருக்கும். நாலு நாளைக்கு ஒரு தடவை அடிக்கிறவருக்கு அந்த நாள் எப்போதும் வராது, கவனித்தீர்களா?

மாமா சொல்வது உண்மையா என்று சோதிக்க வாதம் வேண்டாம், இரண்டு வரிசை போதும். நிலத்தின் நடுவில் இரண்டு வரிசைக்குக் குச்சி நட்டு, அதற்கு மட்டும் இந்தப் பழைய கலவையை அடிக்காமல் விடுங்கள். பக்கத்தில் அடித்த இரண்டு வரிசையையும் அதையும் கிழமைக்குக் கிழமை எண்ணி எழுதுங்கள். நஷ்டம் வந்தாலும் இரண்டு வரிசைதான். ரோட்டுப் பக்கத்து வரிசையாகப் பார்த்து மட்டும் விடாதீர்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று புத்தி சொல்லியே மூன்றாம் நாள் உங்களை மருந்தடிக்க வைத்துவிடுவான்.